மார்பகக் குறைப்பு ஆபரேஷனா? இதைக் கவனியுங்கள்

தேதி குறிக்கும் முன்பே தாய்ப்பால் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் பால் சுரப்பும் காம்பின் உணர்ச்சியும் குறையலாம். சிகரெட்டைக் குறைந்தது 4 வாரம் முன்னதாக நிறுத்த வேண்டும், நிக்கோட்டின் சூயிங்கமும் சேர்த்துத்தான். நிக்கோட்டினால் ரத்த ஓட்டம் குறைந்தால் காம்புத் தோலே செத்துக் கறுத்துப்போகலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதுகுக்குத் தலையணை அடுக்கி, சற்று நிமிர்ந்தபடி மல்லாந்தே தூங்குங்கள். தலைவழியாகப் போடும் நைட்டி வேண்டாம். முன்பக்கம் ஜிப் வைத்தது நல்லது. கம்பியில்லாத, முன்கொக்கி பிரா இரவும் பகலும். மேல்தட்டு டப்பாக்களை ஆபரேஷனுக்கு முன்பே இடுப்பு உயரத்துக்கு இறக்கிவையுங்கள். குடம், குழந்தை எதையும் தூக்கக்கூடாது. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம்.

தலைகீழ் 'T' வடிவத் தழும்பில், காம்பிலிருந்து இறங்கும் நேர்க்கோடு மார்பின் அடிமடிப்பைத் தொடும் இடத்தில்தான் தையல் அதிகம் பிரியும், இழுப்பு அங்கேதான் கூடுதல். பட்டாணி அளவு பிரிந்தால் பதற வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் டிரஸ்ஸிங்கிலேயே ஆறிவிடும். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எல்லாம் அதன்மேல் கூடவே கூடாது.

முதல் 2 நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, இறுகி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.