பழைய ஃபோர்டு பிக்கப்பில் கார்புரேட்டர் பெட்ரோல் கொதிக்காமல் தடுப்பது எப்படி?

நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிய வண்டி. பெட்ரோல் பங்கில் நிறுத்தி டேங்க் நிரப்பி, ஒரு காபி குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. பிடித்தாலும் கரும்புகை தள்ளித் திணறும். காலையில் குளிர்ந்த இன்ஜினோ ஒரே சுற்றில் கிளம்பிவிடும். இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால், பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம். அநேகமாக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் கொதிக்கிறது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவில் இன்றும் நிறைய ஓடும் ஃபோர்டு எஃப்-100, எஃப்-150 பிக்கப்களின் 300 கன அங்குல (4.9 லிட்டர்) ஆறு சிலிண்டர் இன்ஜின். 1987-ல் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வருவதற்கு முன் வந்தவை கார்புரேட்டர் வண்டிகள். அசைக்க முடியாத இன்ஜின்தான், ஆனால் இந்த விஷயத்தில் அமைப்பே எதிராக இருக்கிறது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் (கிளைக் குழாய்) புகை வெளியேறும் மேனிஃபோல்டும் இன்ஜினின் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு மேலே கார்புரேட்டர்.

ஓடும்போது விசிறிக் காற்றும் புதிதாக வந்துகொண்டே இருக்கும் பெட்ரோலும் அதைக் குளிர்வித்துவிடும். வண்டியை அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். புகை மேனிஃபோல்டின் சூடு அடுத்த பத்து, இருபது நிமிடங்களுக்கு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். பெட்ரோலின் லேசான பகுதிகள் 35–40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். 10 சதவீத எத்தனால் கலந்தால் ஆவியாகும் தன்மை இன்னும் கொஞ்சம் கூடும். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால் சட்டென்று கொதிக்காது. கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும், மிதவை (ஃப்ளோட்) உள்ள கிண்ணமோ வெளிக்காற்றுக்குத் திறந்தது.

படி 1: எங்கே கொதிக்கிறது என்று பாருங்கள்

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. டார்ச் அடித்து கார்புரேட்டர் தொண்டைக்குள் பாருங்கள். சில நிமிடங்களில் கிண்ணத்திலிருந்து மெல்லிய ‘களக் களக்’ சத்தம் கேட்கும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் நாசிலின் நுனியில் பெட்ரோல் திரண்டு, சொட்டுச் சொட்டாகக் கீழே, பெடலை மிதித்தால் திறக்கும் சூடான த்ராட்டில் தட்டில் விழுந்து ஆவியாகும். பார்த்தீர்களா, அதுதான் நோய். இன்ஜினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் இறங்கிவிட்டது.

சொட்டவில்லையா? த்ராட்டிலைக் கையால் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்சவே இல்லையென்றால் கிண்ணம் கொதித்து வற்றியிருக்கலாம். ஓட்டத்தின் நடுவிலேயே வண்டி பெட்ரோல் இல்லாதது போல் இழுத்து நின்றால், பம்புக்கு முந்தைய குழாயில் ஆவி அடைத்திருக்கலாம். அதற்கு வைத்தியம் படி 3-ல்.

படி 2: செலவில்லாத சோதனைகள்

பிளக் பொறி விடும் நேரம் (டைமிங்) பின்தங்கியிருந்தால் புகை மேனிஃபோல்டு வழக்கத்தைவிடச் சூடாகும், அதைச் சரிபாருங்கள். ஏர் கிளீனர் மூக்கில், குளிர்காலத்தில் சூடான காற்றை இழுக்க ஒரு மடல் இருக்கும். அது சூட்டுப் பக்கமே சிக்கிக்கொண்டால் கோடையிலும் வெந்த காற்றுதான் உள்ளே போகும். ஃப்ளோட் மட்டம் கூடியிருந்தாலும் சீக்கிரம் சொட்டும்.

பெட்ரோலையும் கவனியுங்கள். அமெரிக்காவில் எளிதில் ஆவியாகாத கோடைக்கலவையை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரைதான் பங்குகளில் கட்டாயமாக விற்க வேண்டும். அதனால் ஏப்ரலில் திடீரென்று வெயில் அடிக்கும் நாளில், டேங்கில் குளிர்காலக் கலவை இருந்தால் தொல்லை அதிகம். எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைத்தால் போட்டுப் பாருங்கள். அதிக ஆக்டேன் வாங்குவதால் மட்டும் கொதிப்பது குறையாது. ஆக்டேன் வேறு, ஆவியாகும் தன்மை வேறு.

படி 3: குழாயைச் சூட்டிலிருந்து விலக்குங்கள்

பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாய் இன்ஜினை உரசிக்கொண்டோ புகை மேனிஃபோல்டுக்கு மேலாகவோ போனால், வளைத்து விலக்கிக் கட்டுங்கள். விலக்க முடியாத இடத்தில் சூடு தாங்கும் உறை போடுங்கள். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் வழியில் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் போகும் இடங்களுக்கும் இதே வைத்தியம். ரப்பர் ஹோஸ் பழையதென்றால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுங்கள். குழாயில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டுவது அமெரிக்காவில் பழைய நம்பிக்கை. கிண்ணம் கொதிப்பதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

படி 4: கார்புரேட்டருக்கு அடியில் சூட்டுத் தடுப்பு

முக்கியமான வேலை இதுதான். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்க, ஃபீனாலிக் என்ற கெட்டியான பிசின் பலகையில் செய்த ஸ்பேசர் (இடைத்துண்டு) கடைகளில் கிடைக்கும். அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தடிமன் போதும். அலுமினிய ஸ்பேசர் வேண்டாம், அது சூட்டை அப்படியே மேலே கடத்தும்.

வாங்குவதற்கு முன் பானட்டுக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் கிளீனர் நட்டின்மேல் ஓர் உருண்டை களிமண்ணை வைத்து பானட்டை மெதுவாக மூடித் திறந்தால், நசுங்கிய களிமண்ணின் உயரமே இடைவெளி.

இன்ஜின் முழுதும் ஆறியபின் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் குழாய், வேக்குவம் ஹோஸ்கள், சோக், த்ராட்டில் இணைப்பு எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். கார்புரேட்டரைக் கவிழ்க்காமல் நேராகத் தூக்குங்கள். சில வண்டிகளில், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வோடு ஓர் அலுமினிய ஸ்பேசர் ஏற்கனவே இருக்கும். அதை அப்படியே விட்டு, புதியதை அதன்மேல் வையுங்கள்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துணுக்குகள் உள்ளே விழாதபடி துணியால் வாயை அடையுங்கள். நீளமான ஸ்டட் (திருகுக் கம்பி) போட்டு, ஸ்பேசருக்கு மேலும் கீழும் புதுக் கேஸ்கெட் வையுங்கள். கூடவே, ஸ்பேசருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு வைப்பது நல்லது. அதன் இரு பக்கமும் கேஸ்கெட் வேண்டும். கிண்ணத்துக்கு அடியில் முழுதாக நீளும்படி அதை வெட்டினால் மேனிஃபோல்டிலிருந்து எழும் அனல் கிண்ணத்தில் நேராகப் படாது. நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் அடிப்பாகம் வளைந்து காற்று கசியும்.

கார்புரேட்டர் உயர்ந்துவிட்டதால் த்ராட்டில் இணைப்பைச் சரிசெய்யுங்கள். பெடலை முழுதாக மிதித்தால் முழுதாகத் திறந்து, விட்டதும் தானாக மூட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் ஓட்டக் கூடாது.

படி 5: திரும்பும் குழாய்

இவ்வளவுக்கும் பிறகும் சொட்டினால் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் அடைபட்ட பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். அது சூட்டில் விரிந்து, கிண்ணத்தின் வாயை அடைக்கும் ஊசி வால்வைத் தள்ளிக்கொண்டு கிண்ணத்தில் இறங்கும். மூன்று வாய் உள்ள ஃபில்டரைப் போட்டு, சிறு துளையுள்ள மூன்றாவது வாய் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, அங்கிருந்து டேங்குக்கு ஒரு குழாய் கொண்டுபோங்கள். ஆவியும் அழுத்தமும் அந்த வழியே போய்விடும். இதைச் செய்யாமல் எலக்ட்ரிக் பம்ப் வாங்குபவர்கள் அதிகம். குழாயில் ஆவி அடைப்பதற்கு அது உதவும். கிண்ணம் கொதிப்பதை நிறுத்தாது.

சோதித்துப் பாருங்கள்

ஸ்டார்ட் செய்து, ஸ்பேசரின் ஓரங்களில் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடியுங்கள். ஐட்லிங் மாறினால் அங்கே காற்று கசிகிறது. அப்புறம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடம் விட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இடையில் வெளியே எங்காவது பெட்ரோல் மிகுந்து இன்ஜின் பிடிக்காமல் போனால், ஆக்சிலரேட்டரைப் பம்ப் செய்யாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெட்ரோல் இறங்கும். பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், காற்று போய்ச் சுத்தமாகும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியதும் கேஸ்கெட் அமுங்கியிருக்கும். குளிர்ந்த இன்ஜினில் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள்.