ஓட்டம், சைக்கிள், மலையேற்றத்தோடு பளுப்பயிற்சி: வாரத்தில் எங்கே வைப்பது, எவ்வளவு தூக்குவது

மலைப்பாதையில் ஓடுபவர்களும், நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களும், பையைச் சுமந்து மலையேறுபவர்களும் பளுப்பயிற்சியில் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, ஓட்டம் இல்லாத நாளாகப் பார்த்து அதைப் போடுவது. இன்னொன்று, லேசான எடையை 20, 30 தடவை தூக்குவதுதான் தாங்குதிறனுக்கு ஏற்றது என்று நம்புவது. கடினமான ஓட்டம் இருக்கும் நாளிலேயே பளுவையும் வையுங்கள். எடையைக் கூட்டி, தடவையைக் குறையுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக ஒழுங்குக்கு வரும்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்ற பயம் 1980-இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. பளு மட்டும், தாங்குதிறன் மட்டும், இரண்டும் என மூன்று குழுக்கள். 10 வாரப் பயிற்சி. இரண்டும் செய்தவர்களின் கால்வலு ஏறக்குறைய 7-ஆம் வாரம் வரை ஏறியது, பிறகு தேங்கியது, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. பலர் கவனிக்காமல் விடும் விஷயம், அவர்கள் வாரத்துக்கு 5 நாள் பளுவும் 6 நாள் கடுமையான ஓட்டம், சைக்கிளும் செய்தார்கள் என்பது. அவ்வளவு செய்தும் தாங்குதிறன் குறையவில்லை. ஓட்டத்தை முதன்மையாக வைத்து வாரத்துக்கு இரண்டு முறை பளு தூக்குபவர் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போவதில்லை.

ஏன் கனமான எடை

ஒரு மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் ஐந்தாயிரம் தடவை தரையைத் தொடுகிறது. குறைந்த விசையைப் பல தடவை கொடுக்கும் பயிற்சி அங்கேயே வேண்டிய அளவு கிடைத்துவிடுகிறது. அதே வேலையை ஜிம்மில் லேசான டம்பெல்லோடு திரும்பச் செய்தால் களைப்புத்தான் மிஞ்சும். 4 முதல் 6 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடையோ வேறு விதமாக வேலை செய்கிறது. நரம்புகள் ஒரே நேரத்தில் அதிகத் தசை இழைகளை வேலைக்கு இழுக்கப் பழகுகின்றன, விசை சீக்கிரம் உருவாகிறது, தசைநாண் விறைப்பாகிறது. காலின் உச்ச வலு கூடும்போது, அதே வேகத்தில் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்த உச்சத்தில் சிறு பங்கே செலவாகிறது. ஓட்டச் சிக்கனம் (அதே வேகத்தில் ஓடக் குறைந்த ஆற்றலே செலவாவது) கூடுவது இதனால்தான்.

உடம்பு பருத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை, குறைந்த தடவை, கூடவே பல மணி நேர ஓட்டம் என்றால் தசை பருமனாக வாய்ப்பு மிகக் குறைவு.

பருவத்துக்கு ஏற்ற அளவு

முதல் 3–4 வாரங்கள் பழகும் காலம். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு பயிற்சியிலும் 2 செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்றே ஒரு செட்), செட்டுக்கு 10–12 தடவை. நிறுத்தும்போது இன்னும் நான்கு தடவை தூக்கலாம் என்ற தெம்பு இருக்க வேண்டும். முதல் வாரம் ஒரே செட் போதும். பழகாத தசையில் வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அதற்குள் ஒரு நீண்ட ஓட்டம் வந்தால் இரண்டும் கெடும். இந்த வாரங்களில் ஓட்டத்தின் அளவில் 10–20 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த 6–10 வாரங்கள் வலுவைக் கூட்டும் காலம். 3 செட், 4–6 தடவை, செட்டுகளுக்கு நடுவே முழுதாக 3 நிமிட ஓய்வு. மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த செட்டுக்குப் போவது ஓட்டக்காரர்களின் வழக்கம். அப்படிப் போனால் நுரையீரல் தடுக்குமே தவிர, கால் தன் முழு விசையைக் காட்டாது. கடைசித் தடவையிலும் இன்னும் இரண்டு தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்துங்கள். எல்லா செட்டையும் அப்படி முடித்தால் அடுத்த முறை 2.5 கிலோ ஏற்றலாம்.

போட்டிப் பருவத்தில் வாரத்துக்கு ஒரு முறை போதும்: அதே எடை, 2 செட், 4–5 தடவை. குறைப்பது செட்டைத்தான், எடையை அல்ல. 'பந்தயம் வருகிறது, ஜிம்மை விடுவோம்' என்று முழுதாக நிறுத்தினால், குளிர்காலம் முழுக்கச் சேர்த்த வலு முக்கியமான பந்தயத்துக்கு முன்பே கரையத் தொடங்கிவிடும். கடைசிக் கனமான பயிற்சி, பந்தயத்துக்கு 7 முதல் 10 நாள் முன்னால் இருக்கட்டும்.

என்ன செய்வது

ஒரு முறைக்கு ஐந்து பயிற்சிக்கு மேல் வேண்டாம். வார்ம்அப்பையும் சேர்த்து 50 நிமிடத்தில் முடியும். ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) அல்லது டெட்லிஃப்ட்டில் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) ஒன்று, ஒற்றைக்கால் பயிற்சி ஒன்று, கெண்டைக்கால், மேலுடம்புக்கு ரோயிங் அல்லது புல்-அப், விலாவுக்கு சைடு பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி உடலை நேராகத் தாங்குவது). முதல் பயிற்சிக்கு முன் வெறும் பாரில் 8, பாதி எடையில் 5, முக்கால் எடையில் 3 எனத் தூக்கிவிட்டு வேலை எடைக்குப் போங்கள்.

வெளியில் ஓடுபவருக்கு நான் முதலிடம் தருவது ஸ்டெப்-டவுனுக்கு. மலையிலிருந்து இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது; ஏற்றத்தில் தெம்பாக இருந்தவர் இறக்கத்தில் தொடை நடுங்கி நிற்பது அதனால்தான். 20 செ.மீ. உயரப் படியின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் 3–4 விநாடியில் மெதுவாகத் தரையைத் தொடும்வரை இறங்கி, அதில் எடையை வைக்காமல் மேலே வாருங்கள். ஒவ்வொரு காலுக்கும் 3 செட், 6–8 தடவை. கண்ணாடி முன் செய்தால் தவறு உடனே தெரியும்: முட்டி உள்பக்கம் சரிகிறதா, எதிர்ப்பக்க இடுப்பு கீழே தொங்குகிறதா, படியில் இருக்கும் குதிகால் எழும்புகிறதா? எது நடந்தாலும் படியை 10–15 செ.மீ.க்குக் குறையுங்கள். சுத்தமாக வந்த பிறகே கையில் டம்பெல். பந்தயத்தில் பெரிய இறக்கம் இருந்தால், இரண்டு மூன்று வாரம் முன்னால் உண்மையான இறக்கத்தில் ஒரு நல்ல ஓட்டம் ஓடிவிடுங்கள். ஒரு முறை இப்படி அடிபட்ட தசை அடுத்த முறை மிகக் குறைவாகவே சேதமடையும். அந்தப் பாதுகாப்பு சில வாரங்கள் நீடிக்கும்.

கெண்டைக்காலை இரண்டு விதமாகப் பயிற்ற வேண்டும். முட்டியை நீட்டி எழும்பினால் மேல்தசை அதிகம் வேலை செய்கிறது; மடக்கினால் அதற்கு அடியிலுள்ள சோலியஸ். ஓட்டத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையைத் தாங்குவது சோலியஸ்தான், ஆனால் அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முன்பாதத்தைத் தடித்த பலகைமேல் வைத்து, முட்டிக்குச் சற்று மேலே தொடையில் எடையை ஏற்றி 3 செட், 8–12 தடவை. 2 விநாடி ஏற்றம், 1 விநாடி நிறுத்தம், 3 விநாடி இறக்கம். குதிக்காதீர்கள், துள்ளினால் தசை செய்ய வேண்டியதைத் துள்ளல் செய்துவிடும். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடிகளில் குதிகால் நாண் விறைத்தால், வேக ஓட்டத்தையும் ஏற்ற ஓட்டத்தையும் முதலில் குறையுங்கள். மெதுவான கெண்டைக்கால் பயிற்சியை அதிக வலி இல்லாத எடையில் தொடரலாம்.

மலையேறுபவர்கள் ஸ்டெப்-டவுனோடு, பை போட்டுக்கொண்டு ஸ்டெப்-அப்பும் சேர்க்கலாம். பையோடு ஏற்றப் பயிற்சி செய்யும்போது உடல் எடையில் 10 சதவீதத்தில் தொடங்கி, கேன்களில் தண்ணீரைச் சுமந்துபோய் உச்சியில் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள், முட்டி தப்பும். சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மிதிப்பதில் எலும்புக்கு அதிர்வே இல்லை. எலும்பு உறுதியாக இருக்க, கனமான ஸ்குவாட்டும் வாரத்துக்கு இருமுறை 30–40 சிறு குதிப்புகளும் அவர்களுக்கு அவசியம்.

வாரத்தை அடுக்குவது

ஓட்டமும் பளுவும் ஒன்றையொன்று ஏன் கெடுக்கலாம்? ஓட்டத்தால் தசையில் எழும் ஏஎம்பிகே என்ற சமிக்ஞை (ஆற்றல் குறைவதைக் காட்டுவது), பளுவால் எழும் எம்டார் சமிக்ஞையை (தசையை வளர்க்கச் சொல்வது) மட்டுப்படுத்தக்கூடும் என்பது ஒரு விளக்கம். அதைவிட எளிய காரணம், களைத்த காலால் கனம் தூக்க முடியாது என்பது. எப்படியானாலும் இரண்டுக்கும் நடுவே 6 மணி நேர இடைவெளி நல்லது.

செவ்வாய் காலை இன்டர்வெல் (நடுநடுவே ஓய்வு விட்டு வேகமாக ஓடுவது), மாலை பளு. புதன் முழுக்க லேசான ஓட்டம்; பேசிக்கொண்டே ஓடும் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. வியாழன் காலை ஏற்ற ஓட்டம், மாலை இரண்டாவது பளு. வெள்ளி ஓய்வு, சனி லேசான ஓட்டம், ஞாயிறு நீண்ட ஓட்டம், திங்கள் மறுபடி ஓய்வு. பளுவுக்கும் நீண்ட ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு முழு நாள் கிடைப்பதைக் கவனியுங்கள். புதன்கிழமை பளு தூக்கினால் புதனும் கடினமாகிவிடும், வியாழனும் கெடும். வாரத்தில் கால் மீளும் நாளே இருக்காது.

நாளுக்கு ஒரே நேரம்தான் கிடைக்கும் என்றால், ஓட்டம் கடினமானதா என்று பாருங்கள். கடினம் என்றால் ஓட்டம் முதலில், பிறகு பளுவில் ஒரு செட் குறைவு. லேசானது என்றால் பளு முதலில்.

சாப்பாடும் எச்சரிக்கைகளும்

புரதம் நாளுக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.6 கிராம் அளவில் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம், நான்கு வேளையாகப் பிரித்தால் 24 கிராம். ஒரே நாளில் இரண்டு பயிற்சி இருந்தால், முதலாவது முடிந்ததும் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து உடனே உள்ளே போகட்டும். பளு கூடாததற்குப் பல நேரங்களில் குற்றவாளி பயிற்சி அல்ல, போதாத சாப்பாடு. தொடர்ந்து குறைவாகச் சாப்பிட்டால் எலும்பும் ஹார்மோனும் பாதிக்கப்படும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதை உடல் தகுதியின் அடையாளமாக நினைக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

தொடர்ந்து இரண்டு முறை வழக்கமான எடையைத் தூக்க முடியவில்லை, அல்லது காலை இதயத்துடிப்பு சில நாளாக வழக்கத்தைவிட 5–10 கூடுதல் என்றால் ஒரு வாரத்துக்கு செட்டுகளைப் பாதியாக்குங்கள், நீண்ட ஓட்டத்தையும் மூன்றில் ஒரு பங்கு சுருக்குங்கள். காய்ச்சலால் ஒரு வாரம் விட்டிருந்தால் 10 சதவீதம் குறைந்த எடையில், இரண்டே செட்டோடு திரும்புங்கள். விட்ட பயிற்சியை அடுத்த வாரத்தில் சேர்த்துத் திணிக்க வேண்டாம்.