உப்புக் காற்றுக்கு நடுவே முதல் கேமிங் கணினி: எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தங்கச்சிமடத்தில் தெரிந்த தம்பி ஒருவனின் கணினியைப் போன மாதம் திறந்து பார்த்தேன். "அண்ணே, வாங்கி இன்னும் ஒரு வருடம்கூட முடியவில்லை" என்றான். திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டைக் கணினிப் பெட்டியான கேபினட்டோடு பிணைக்கும் திருகாணியைத் தொட்டதுமே விரலில் செம்பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டது. யுஎஸ்பி துளைகளின் விளிம்பில் துரு. காற்றாடியின் இறக்கைகளில் படிந்திருந்த தூசி, தூசியாக இல்லாமல் பிசுபிசுவென்று பசைபோல இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் அறை அது.

அவன் வாங்கிய பாகங்களில் தவறில்லை. இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் பட்டியலை அப்படியே வாங்கியிருந்தான். ஆனால் அந்தப் பட்டியல்கள் கடலுக்கு வெகு தொலைவில், மின்சாரம் சீராக வரும் வீடுகளை மனதில் வைத்துப் போடப்பட்டவை. தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, ராமேசுவரம் தீவையும் சேர்த்து, கரையோரம் குடியிருக்கும் நமக்கு வாங்கும் வரிசையே வேறு. முதலில் சுவரில் இருக்கும் மின்சாரம், அடுத்து அதைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை, மிச்சப் பணத்தில்தான் கிராபிக்ஸ் கார்டு. முதல்முறையாகக் கணினி சேர்க்கப் போகிறவர்களுக்காகப் படிப்படியாகச் சொல்கிறேன்; பவர் சப்ளை படி 6-ல் வந்தாலும் பணம் ஒதுக்கும்போது அதற்குத்தான் முன்னிடம். விலைப்பட்டியல் தரவில்லை. 2025-ன் கடைசி மாதங்களில் ராம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) விலை ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். அன்றன்றைய விலையைக் கடையில் கேட்பதுதான் சரி.

படி 1: எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. மூன்று துளை பிளக் பாயின்ட் இருந்தாலே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பல பழைய வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. கம்பி இருந்தாலும் நம் மணல் தரை கோடையில் வறண்டுவிட்டால் மின்சாரத்தைச் சரியாக உள்வாங்காது.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் கேபினட்டைத் தொடும்போது சுருக்கென்று ஒரு கூச்சம் ஏற்படுகிறதா? பலர் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றிலிருந்து கசியும் மின்சாரம் எர்த் வழியாகத் தரைக்குள் இறங்க வேண்டும். இறங்க வழி இல்லையென்றால் கேபினட்டின் உலோகத்தில் சுவர் மின்சாரத்தின் வோல்டேஜில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு நிற்கும். ஆளைச் சாய்க்கும் அளவுக்கு அதில் ஆம்பியர் இருக்காது. ஆனால் ஈரக் காலோடு அதைத் தொட யாரையும் நான் விடமாட்டேன்.

எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்டை ஒட்டி இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்டைத் தாண்டக் கூடாது. சரியில்லை என்றால் கரியும் உப்பும் போட்டுப் புதிதாக எர்த் குழி எடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டாவது இதைச் செய்யுங்கள்.

படி 2: என்ன விளையாடப் போகிறீர்கள்?

வாலரண்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் மட்டும் போதுமா, கதையோடு நீளும் பெரிய விளையாட்டுகளும் வேண்டுமா? முதலாவது என்றால் செலவில் நிறையக் குறைக்கலாம். எதுவானாலும் முதல் கணினிக்கு 24 அங்குலம், 1080பி (1920×1080 புள்ளிகள் கொண்ட படம்), 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் மாறும்) அல்லது அதற்கு மேற்பட்ட மானிட்டர் போதும். 4கே பக்கம் போகவே வேண்டாம்.

மானிட்டர், யுபிஎஸ் (மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் பேட்டரிப் பெட்டி), விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றுக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் 35 முதல் 40 சதவீதம் கிராபிக்ஸ் கார்டுக்கு. முழுப் பணத்தையும் பெட்டியில் போட்டுவிட்டுப் பழைய டிவியில் விளையாடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 3: கிராபிக்ஸ் கார்டு

குறைந்த பணத்தில் 1080பி விளையாட ரேடியான் ஆர்எக்ஸ் 6600 எனக்குப் பிடித்த கார்டு. 2021-ல் வந்தது, 8 ஜிபி நினைவகம், 132 வாட். இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060: அதைவிட வேகம், மின்சாரமோ 115 வாட்தான்.

ஒரு பெயரில் மட்டும் கவனமாக இருங்கள். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு, 6 ஜிபி கார்டும் உண்டு. நினைவகம் மட்டும் வேறுபடுவதாகத் தோன்றும். உண்மையில் 2024-ல் வந்த 6 ஜிபி கார்டின் வேகமும் குறைவு. அதே நேரத்தில் அது 70 வாட்தான் எடுக்கும். பல மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே தேவையில்லை. ஏசி இல்லாத அறையில், சித்திரை வெயிலில், சிறிய யுபிஎஸ்ஸோடு போட்டி விளையாட்டுகள் மட்டும் ஆடுபவருக்கு அதுவும் நல்ல தேர்வுதான். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

வாட் கணக்கை நான் இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. கார்டு எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் வெப்பமாக உங்கள் அறையில்தான் இறங்குகிறது.

பழைய கார்டு வாங்கலாமா? 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளால் 'தோண்டி' உருவாக்கும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக நாணயம் தோண்டிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அரை மணி நேரம் கண்முன்னே விளையாட்டை ஓட்டிக் காட்டுபவரிடம் மட்டும் வாங்குங்கள். பின்பக்கத் தகட்டில் துருவோ, செம்பில் பச்சைக் களிம்போ தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

படி 4: பிராசசரும் மதர்போர்டும்

பிராசசர் கணினியின் மூளை; கோர் என்பது அதற்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி, திரெட் என்பது ஒரே நேரத்தில் அது கையாளும் வேலைகளின் எண்ணிக்கை. மிகக் குறைந்த பணத்துக்கு இன்டெல் கோர் ஐ3-12100எஃப்: நான்கு கோர், எட்டு திரெட். சற்று மேலே ஏஎம்டி ரைசன் 5 5600 அல்லது இன்டெல் கோர் ஐ5-12400எஃப். இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு திரெட். இவற்றில் எது உங்கள் ஊரில் மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

கையில் பணம் மிகக் குறைவு, ஆனால் இப்போதே தொடங்க வேண்டும் என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி என்று ஒரு வழி உண்டு. அதற்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் இருக்கிறது. வாலரண்டை நன்றாகவே ஓட்டும். ஆறு மாதம் சேமித்துப் பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம். கடன் வாங்கி ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்குவதைவிட இதைத்தான் சொல்வேன்.

வாங்கவே கூடாதது எது என்றால், நான்காம் தலைமுறை ஐ5 பிராசசரைப் புதிய பெட்டியில் போட்டு, வண்ண விளக்கு வைத்து, 'கேமிங் பிசி' என்று விற்கிறார்களே, அது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்களும் தேவை. அந்தப் பழைய போர்டுகளில் இதற்காக மல்லுக்கட்டி நொந்துபோனவர்கள் பலர்.

எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டில் மூன்று கேள்விகள். பிராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்துகிறதா: ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, மேலே சொன்ன இன்டெல்லுக்கு எல்ஜிஏ 1700. ராம் டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ: இன்டெல் போர்டுகள் இரண்டு விதமாகவும் வருகின்றன, ஒன்றில் மற்றது நுழையாது. போர்டுக்குள் இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ் அந்தப் பிராசசரை அறியுமா: பழைய சரக்காக இருந்தால் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

படி 5: ராம், எஸ்எஸ்டி

16 ஜிபி வேண்டும்; ஒரே குச்சியாக இல்லாமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டு. 5600ஜி வாங்குபவர்களுக்கு இது கட்டாயம், ஏனென்றால் அதன் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. சேமிப்புக்கு என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேரடியாகச் செருகும் வேகமான சேமிப்புச் சில்லு), முடிந்தால் 1 டிபி. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விளையாட்டுகளைப் போட வேண்டாம்.

படி 6: பவர் சப்ளை

நான் முதன்முதலில் சேர்த்த கணினியில் கேபினட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளையைத்தான் போட்டேன். வெளியே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. ஒரு கார்த்திகை மழை இரவில் மின்சாரம் மூன்று முறை போய்ப் போய் வந்தது. மூன்றாவது முறை டப் என்று ஒரு சத்தம், பின் கருகிய வாடை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. அந்த டிஸ்க்கில் எங்கள் அப்பாவின் புகைப்படங்கள் இருந்தன.

பிறகுதான் அதன் பக்கவாட்டு லேபிளைப் படித்தேன். உங்களையும் அதைப் படிக்கச் சொல்கிறேன். '+12வி' என்ற கட்டத்தின் கீழே ஆம்பியர் எண் இருக்கும். என்னுடையதில் 15. பன்னிரண்டை அதனால் பெருக்கினால் 180 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்டில்தான் ஓடுகின்றன. ஆர்எக்ஸ் 6600-க்கு 132, ரைசன் 5600-க்குப் பெயரளவில் 65, கூட்டினாலே 197. 450 என்ற எழுத்துக்குள் அதற்குக்கூட இடமில்லை. நல்ல 550 வாட் பவர் சப்ளையில் இதே கட்டத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 540 வரும். அட்டைப் பெட்டியில் இருக்கும் எண்ணை விடுங்கள், இந்தப் பெருக்கல்தான் உண்மை.

80 பிளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) முத்திரை இருக்கட்டும். பாதிச் சுமையில் ஏறத்தாழ 85 சதவீதத் திறன் என்று பொருள். ஆனால் அது பாதுகாப்புக்கான முத்திரை அல்ல. மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், ஷார்ட் சர்க்யூட் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு உண்டா என்று தனியாகப் பாருங்கள். ஐந்தாண்டு வாரண்டி தரும் ஒன்றை வாங்குங்கள்.

யுபிஎஸ் இதன் கூடவே வர வேண்டும். 600 விஏ என்று விற்பது பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். விளையாடும்போது கணினியும் மானிட்டரும் சேர்ந்து 250, 300 வாட் இழுக்கும்; அந்த நேரத்தில் மின்சாரம் போனால் சிறிய யுபிஎஸ் திணறும். 1 கேவிஏ (1000 விஏ) இருந்தால் நிம்மதி. அதுவும் விளையாட்டைத் தொடர்வதற்கல்ல, சேமித்து அணைப்பதற்கு. வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதாக இருந்தால் அது சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். அதில் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளி வையுங்கள். மின்சாரம் மாறும் இடைவெளி குறையும்.

படி 7: கேபினட்டும் உப்பும்

கடலுக்குப் போய் வந்த என்ஜினை நல்ல தண்ணீரில் கழுவி வைப்பது நம் கரையில் எல்லோருக்கும் தெரியும். கணினியை அப்படிக் கழுவ முடியாது. எனவே உப்பு உள்ளே போகாமலும், போனது ஈரமாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது படிந்திருக்கும் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று வீசும்போது நம் வீட்டுச் சுவரே பிசுபிசுக்கும்; பெட்டிக்குள் மட்டும் எப்படி உலர்ந்திருக்கும்?

முன்பக்கம் வலை வைத்த கேபினட் வாங்குங்கள், ஆனால் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி அதில் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு காற்றாடி உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ளட்டும். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால் காற்று வடிகட்டி வழியாக மட்டுமே வரும், இடுக்குகள் வழியாக நுழையாது. கண்ணாடியும் வண்ண விளக்கும் அடுத்த கணினிக்கு இருக்கட்டும். கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். பருத்தித் துணி போதும். தினமும் ஓடும் கணினி தன் சூட்டிலேயே உலர்ந்துகொள்கிறது. ஊருக்குப் போய் ஒரு மாதம் பூட்டி வைத்த கணினிதான் அதிகம் கெடுகிறது. தேர்வு நேரத்தில் விளையாட்டு நின்றாலும் வாரம் இரண்டு முறை ஒரு மணி நேரமாவது இயக்கி வையுங்கள்.

படி 8: வாங்கும் நாள்

ராமநாதபுரத்தில் கிடைப்பதை அங்கேயே விசாரியுங்கள், கிடைக்காததற்கு மதுரை. ராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஒரு தவறான ராமை மாற்ற ஒரு முழு நாளும் இரண்டு டிக்கெட்டும் போகும். அதனால் பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பொருத்தச் சொல்லி, பயாஸ் திரை வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள். பில் இல்லாமல் 18 சதவீதம் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். துருப்பிடித்த பாகத்துக்குப் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது என்பதையும் மனதில் வையுங்கள். இணையத்தில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதலிலிருந்து கடைசி வரை கைபேசியில் படம் பிடியுங்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பொருத்தியதும், தனிக் கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் மாட்டுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கினால்தான் ராம் அதன் முழு வேகத்தில் ஓடும். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கியது 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். பிறகு கேபினட்டின் உள்பக்கத்தில் ஒரு காகிதத்தில் அன்றைய தேதியை எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி முடிவதற்குள், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு முழுவதும் திறந்து உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பவர்கள் வெளித் தகட்டில் மட்டும் வையுங்கள். காற்று போகும் வலையில் வேண்டாம்.