களைக்கொல்லி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறங்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கம் மாமாவுக்குச் சின்னக் கரும்புத் தோட்டம். குடிக்க, சமைக்க எல்லாம் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர்தான். "கிளைபோசேட் களைக்கொல்லியை நிறுத்திட்டேன், இனி தண்ணிக்குப் பயமில்லை" என்றார். கொட்டகையில் பார்த்தால் ஹெக்ஸாஸினோன் என்ற இன்னொரு களைக்கொல்லியின் டப்பா! போர் தண்ணீரைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

முதலில் டப்பாவில் வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை இணையத்தில் தேடி இரண்டு எண்களை எடுங்கள். ஒன்று அரை ஆயுள், அதாவது மண்ணில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நாட்கள். இன்னொன்று கேஓசி. மண்ணிலுள்ள கரிமத்தோடு மருந்து எவ்வளவு ஒட்டும் என்பதன் அளவு அது. தளத்துக்குத் தளம் எண்கள் மாறும், பதற வேண்டாம்.

அப்புறம் போனைப் படுக்கைவசமாகத் திருப்பினால், பல போன்களில் கால்குலேட்டரில் லாக் பொத்தான் வரும். மருந்து நிலத்தடி நீருக்கு இறங்குமா என்று மதிப்பிட, 1989-இல் குஸ்டாஃப்சன் என்ற ஆய்வாளர் கொடுத்த ஜியுஎஸ் சூத்திரம் இது:

அரை ஆயுளின் லாக் × (4 − கேஓசியின் லாக்)

ஹெக்ஸாஸினோனுக்கு 90 நாள், கேஓசி 54 என்று வைத்தால் 1.95 × (4 − 1.73) = 4.4. கிளைபோசேட்டுக்கு 47 நாள், கேஓசி 24,000. விடை −0.6. 2.8-ஐத் தாண்டினால் கீழே இறங்கும் ரகம், 1.8-க்குக் கீழே என்றால் இறங்குவது அரிது. டையூரான் என்ற களைக்கொல்லி (90 நாள், கேஓசி 480) 2.6 வாங்கி நடுவில் நிற்கிறது. கிளைபோசேட் மண்ணோடு சேர்ந்து ஓடைக்குப் போகலாம், அது வேறு கதை.

இந்தச் சூத்திரத்துக்கு உங்கள் மண் தெரியாது. கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். களிமண் தெளிய ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மாமாவின் பாட்டிலில் முக்கால்வாசி மண் உடனே படிந்துவிட்டது. கடலோரச் செம்மணல், மக்கிய கரிமமும் குறைவு, அதனால் மருந்து ஒட்டிக்கொள்ள இடமும் குறைவு. மழையும் அக்டோபர் முதல் மார்ச் வரை, களைக்கொல்லி அடிக்கும் காலத்திலேயே கொட்டும்.

சரி, இப்போது போர் பக்கம் போய் நில்லுங்கள். ஸ்ப்ரேயரை எங்கே கழுவுகிறீர்கள்? மாமா போர்க்குழாயை ஒட்டித்தான் கழுவுவார். குழாயைச் சுற்றிய சிமென்டில் விரல் நுழையும் வெடிப்பு. அந்த வழியாக மருந்து நேரே உள்ளே போகும், மண் வடிகட்டவே வாய்ப்பில்லை. சூத்திரமெல்லாம் அப்புறம், முதலில் அந்த வெடிப்பை அடைத்துவிடுங்கள்.

விடை 2.8-க்கு மேல், மண்ணும் மணல் என்றால் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். எந்த மருந்தைத் தேட வேண்டும் என்று பெயரோடு எழுதிக் கொடுங்கள். சாதாரணத் தண்ணீர்ச் சோதனையில் களைக்கொல்லியைப் பார்க்கவே மாட்டார்கள்.