கிளவுட் சேவை எடுக்க முதல் ஒரு கேள்வி

கடையோ, சங்கமோ, ரியூட்டரியோ, கிளவுட்டுக்கு (இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளைப் பாவிக்கிறதுக்கு) போக முதல் கேளுங்கோ: இரவு பதினொரு மணிக்கு சேர்வர் (உங்கள் தரவையும் மென்பொருளையும் வைத்து ஓட்டுற கணினி) நின்றால் ஆர் எழும்பிப் பார்ப்பது?

ஆளில்லையெண்டால் 'சாஸ்' (SaaS) போதும், அதாவது ஆயத்தமாக இருக்கிற மென்பொருளை இணையத்தில் அப்படியே பாவிக்கிறது. ஜிமெயில், கூகுள் டிரைவ் எல்லாம் இந்த வகைதான். கணக்கையும் கடவுச்சொல்லையும் நீங்கள் கவனமாக வைத்திருக்க வேண்டும், மிச்சத்தைச் சேவை தாற நிறுவனத்தார் பார்ப்பினம். சொந்தமாக மென்பொருள் எழுதுற பிள்ளைகள் இருந்தால் 'பாஸ்' (PaaS): மென்பொருளை நீங்கள் எழுத, அதை ஓட்டுற சேர்வரை நிறுவனத்தார் பராமரிப்பினம்.

'ஐயாஸ்' (IaaS) எண்டால் சேர்வரை மட்டும் வாடகைக்கு எடுக்கிறது, வெறும் வீட்டை வாடகைக்கு எடுக்கிற மாதிரி. அமேசானின் ஈசி2 (EC2) என்ற இந்த வகைச் சேவையில் ஒரு சேர்வர் எடுத்தால் இயங்குதள அப்டேட், ஃபயர்வோல் (வெளியாள் உள்ளே நுழையாமல் தடுக்கிற காவல்), பேக்கப் எல்லாம் உங்கள் பொறுப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு ரியூட்டரி வரவுப் பதிவுக்கெண்டு இப்படித் தனி சேர்வர் எடுத்தது. அமைத்துக் கொடுத்த தம்பி கனடாவுக்குப் போனபிறகு கடவுச்சொல்கூட ஒருத்தரிட்டயும் இல்லை. அந்த வேலைக்கு கூகுள் ஷீட்ஸே தாராளம்.

பில் பெரும்பாலும் டொலரில் வரும். 2022இல் இலங்கையில் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டினது. அதனால் மாதச் செலவைக் கொஞ்சம் கூட்டியே கணக்குப் போடுங்கோ.

காசு கட்ட முதல், இலவசக் காலத்திலேயே உங்கள் தரவை ஒருக்கா முழுசாக டவுன்லோட் பண்ணிப் பாருங்கோ. எக்செல்லில் திறக்காவிட்டால் அந்தச் சேவை வேண்டாம்.