வருஷத்துக்கு 15 ஏஸ் ஜோடி: ஜாலிக்கு போக்கர் ஆடறவங்க டேபிள்ல எப்படி ஒக்காரணும்

முதல்ல ஒரு கணக்கு சொல்லிடறேன், ஏன்னா நான் ஆடற விதமே இது மண்டைல ஏறினப்புறம் தான் மாறுச்சு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்து மாசத்துக்கு ஒரு வீக்கெண்ட் லாஸ் வேகாஸ் போவேன், கார்ல நாலு மணி நேரம், அங்க 1/3 டாலர் நோ-லிமிட் ஹோல்டெம் டேபிள்ல வெள்ளி ராத்திரியும் சனிக்கிழமையும் சேத்து ஒரு பத்து மணி நேரம் ஒக்காருவேன். (ஹோல்டெம்னா ஒவ்வொருத்தர் கைலயும் ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு: முதல் மூணு ஃப்ளாப், நாலாவது டர்ன், அஞ்சாவது ரிவர். 1/3ங்கறது சீட்டு பாக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா போடற 1 டாலரும் 3 டாலரும், அதுக்கு பேரு பிளைண்ட்.) டீலர் கையால சீட்டு போடற டேபிள்ல மணிக்கு 25ல இருந்து 30 கை தான் ஓடும். 28னு வெச்சுக்கோங்க, மாசத்துக்கு 280, வருஷத்துக்கு 3360. ரெண்டு ஏஸும் சேந்து கைக்கு வர்றது 221 கைக்கு ஒரு தடவ. ஆக வருஷம் பூரா எனக்கு வர்றது 15 ஏஸ் ஜோடி, அவ்ளோ தான். காலைல எந்திரிச்சு ஆன்லைன்ல நாலு டேபிள் ஒண்ணா ஓட்டறவன் ரெண்டே நாள்ல இத்தன கை பாத்துடுவான்.

அதனால என்னன்னு கேட்டா, ஒரு ட்ரிப்ல 600 டாலர் ஜெயிச்சேன், அடுத்த ட்ரிப்ல 500 விட்டேன்ங்கறதுக்கு எந்த அர்த்தமும் இல்ல. நம்ம ஆடற அளவுக்கு ஒரு வருஷ ரிசல்ட்ட வெச்சு கூட நான் நல்லா ஆடறேனா இல்லையான்னு சொல்ல முடியாது. நம்ம கைல இருக்கறது அந்தந்த நேரத்துல என்ன முடிவு எடுத்தோம்ங்கறது மட்டும் தான், மத்ததெல்லாம் சீட்டுக்கட்டு பாத்துக்கும்.

(இந்தியால இருந்து படிக்கறவங்களுக்கு: 2025 ஆகஸ்ட்ல பார்லிமெண்ட்ல நிறைவேத்துன சட்டம் காசு கட்டி ஆடற ஆன்லைன் கேம் எல்லாத்தையும் தடை பண்ணிடுச்சு. நான் பேசறது நெவாடால 21 வயசு ஆனவங்க சட்டப்படி போய் ஒக்கார்ற ரூம் பத்தி.)

ஒக்கார்றதுக்கு முன்னாடி

காசு. ஒரு கவர்ல 600 டாலர், ரெண்டு பை-இன், அதாவது ரெண்டு தடவ டேபிள்ல ஒக்கார்றதுக்கான காசு, அதோட கதை முடிஞ்சுது. டெபிட் கார்டு ஹோட்டல் ரூம் லாக்கர்ல. கேசினோ ஏடிஎம் எடுக்கற கமிஷன பாத்தாலே வயிறு எரியும், ஆனா பிரச்சனை கமிஷன் இல்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மெஷின் முன்னாடி நிக்கறவன் நம்மளே இல்ல, வேற ஒருத்தன். அவன் கைல கார்டு குடுக்காதீங்க.

அடுத்தது, இது ஓசி விளையாட்டு இல்லன்னு தெரிஞ்சுட்டு ஒக்காருங்க. ஒவ்வொரு பாட்ல (நடுவுல சேர்ற பந்தயக் காசு) இருந்தும் ரூம் ஒரு பங்கு எடுக்கும், அது பேரு ரேக். சராசரியா கைக்கு நாலு டாலர் போகுதுன்னு வெச்சாலும் மணிக்கு 112 டாலர் டேபிள விட்டு காணாம போகுது, ஒம்பது பேருக்கு பிரிச்சா தலைக்கு 12 டாலருக்கு மேல, பாட் ஜெயிச்சா டீலருக்கு ஒரு டாலர் டிப் தனி. டேபிள்ல எல்லாரும் ஒரே தரத்துல ஆடினா எல்லாருமே தோப்பாங்க. அதனால நம்மள விட மோசமா ஆடறவன் ரெண்டு பேராவது இருக்கற டேபிள் வேணும். சிரிப்பு சத்தம், பீர் பாட்டில், எல்லா கைலயும் அஞ்சு பேர் உள்ள வர்றாங்க, இது நல்ல டேபிள். எல்லாரும் ஹூடி போட்டு ஹெட்ஃபோன் மாட்டி ஒண்ணும் பேசாம ஒக்காந்திருந்தா டேபிள் சேஞ்ச் கேளுங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. கண்ணா பின்னான்னு ரைஸ் பண்றவன், அதாவது பந்தயத்த ஏத்தறவன், இருந்தா அவனுக்கு இடது பக்கம் சீட் கெடைக்குதா பாருங்க, அவன் ஆடினப்புறம் நம்ம ஆடலாம்.

இப்படி மோசமா ஆடறவங்க எங்கிருந்து வர்றாங்கன்னு கேட்டா, 2003ல டென்னசில இருந்து வந்த கிறிஸ் மணிமேக்கர்ங்கற அக்கவுண்டன்ட் ஆன்லைன்ல சின்ன காசு கட்டி சீட் ஜெயிச்சு வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவென்ட்ல 838 பேர தாண்டி 25 லட்சம் டாலர் அடிச்சாரு. 2006ல அதே ஈவென்ட்டுக்கு வந்தது 8773 பேர். நம்மளும் ஆபீஸ் வேலை பாக்கறவன் தானே, நமக்கு ஏன் வராதுன்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு. எனக்கும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

எந்த கைய ஆடறது

நம்ம வீட்ல ரம்மி ஆடினவங்களுக்கு ஸ்கூட் விடறது தெரியும். சீட்ட பாத்ததும் பிடிக்கலன்னா 20 பாயிண்டோட போயிடலாம், ஆடிப் பாத்துட்டு விட்டா 40, கடைசி வரைக்கும் ஒக்காந்து மாட்டினா 80. ஹோல்டெம்ல முதல் ஸ்கூட்டுக்கு பெரும்பாலும் செலவே கெடையாது, பிளைண்ட் போடற ரெண்டு சீட் தவிர. அப்படியும் ஜனங்க விட மாட்டேங்கறாங்க! நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்துட்டு சும்மா ஒக்காந்திருக்கவான்னு ஒரு எரிச்சல், அதுல ராஜாவும் அஞ்சும் ஒரே பூவா இருக்குன்னு உள்ள போவாங்க.

நான் பத்துல எட்டு கைய பாத்ததும் கீழ போட்டுடுவேன். முன்னாடி பேச வேண்டிய சீட்ல இருந்தா இன்னும் கம்மி, பட்டன், அதாவது கடைசியா பேசற இடம், என்கிட்ட இருந்தா கொஞ்சம் தாராளம், ஏன்னா ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா பேசறவனுக்கு மத்தவங்க பண்றதெல்லாம் பாக்கறதுக்கு ஓசில கெடைக்குது. ஆடறதா முடிவு பண்ணிட்டா ரைஸ், சும்மா 3 டாலர் போட்டு லிம்ப் பண்றது வேண்டாம். 1/3 டேபிள்ல 15 டாலர் போட்டாலும் மூணு பேர் வருவாங்க, பரவால்ல, வரட்டும், ஆனா கூட்டம் எவ்ளோன்னு கணக்கு வெச்சுக்கோங்க. ஏஸ் ஜோடி ஒருத்தன் கைக்கு எதிரா 85 சதவீதம் ஜெயிக்கும், அதுவே அஞ்சு பேர் கண்ணா பின்னா கையோட உள்ள இருந்தா பாதிக்கு பாதி தான். ஏஸ் ராஜா வந்தா தலைகால் புரியாம குதிக்கறவங்களுக்கு ஒண்ணு, அது ஃப்ளாப்ல ஜோடி சேர்றது மூணுல ஒரு தடவ தான். சின்ன ஜோடி, நாலு நாலு அஞ்சு அஞ்சு மாதிரி, மூணாவது சீட்டு ஃப்ளாப்ல விழறது எட்டு ஒம்பது தடவைக்கு ஒண்ணு, அதனால கால் பண்ற (எதிராளி போட்ட அளவுக்கு நானும் போடற) காசுக்கு பதினஞ்சு மடங்காவது எதிராளி முன்னாடி இருந்தா மட்டும் போறேன்.

அந்த தாத்தா

இப்ப என்னோட 15ல ஒண்ண எப்படி தொலைச்சேன்னு சொல்றேன், இதுல தான் பாடம் மொத்தமும் இருக்கு. முன்னாடி 300 டாலர், ஏஸ் ஏஸ், 15 போட்டேன், மூணு பேர் கால், பாட்ல ஒரு 60. ஃப்ளாப் ஜாக்கி, எட்டு, நாலு. 40 போட்டேன், ஒரு தாத்தா மட்டும் கால். பாட் 140. டர்ன்ல ரெண்டு விழுந்துச்சு, எதுக்கும் ஒதவாத சீட்டு. 90 போட்டேன். தாத்தா காபிய ஒரு வாய் குடிச்சுட்டு மெதுவா ஆல்-இன், அதாவது முன்னாடி இருந்த மொத்தத்தையும், தள்ளினாரு.

அவரு ரெண்டு மணி நேரத்துல மூணு கை தான் ஆடியிருந்தாரு. ஒண்ணுல கூட ரைஸ் பண்ணல. என்கிட்ட மிச்சம் 155. பாட்ல 475 இருக்கு, 155 போட்டா மொத்தம் 630, அதாவது நாலுல ஒரு தடவையாவது நான் ஜெயிச்சா தான் கால் பண்றது கட்டுபடியாகும். அவருகிட்ட ஜாக்கியும் எட்டும் ரெண்டு ஜோடி இருந்தா என்னை காப்பாத்தற சீட்டு எட்டு, மிச்சம் 44ல, 18 சதவீதம். மூணு ஒண்ணா, அதாவது செட் வெச்சிருந்தா எனக்கு ரெண்டே சீட்டு, அஞ்சு சதவீதம் கூட இல்ல. நல்லா இருக்கற கேஸ்லயே பத்தல. இந்த மனுஷன் வெறும் ஒரு ஜோடிய வெச்சுட்டு இங்க ஆல்-இன் போவாரா? மாட்டாரு, எனக்கே தெரியும். ஆனா மனசு என்ன சொல்லுது, ஏஸ் ஜோடிய எப்படிடா போடறது, வருஷத்துக்கு 15 தான் வருது. கால் பண்ணேன். நாலு நாலு காட்டினாரு.

இந்த லெவல் டேபிள்ல, அமைதியா இருக்கற ஆளு டர்ன்லயோ ரிவர்லயோ ரைஸ் பண்ணா நம்பிடுங்க. ஒரு ஜோடி எவ்ளோ அழகான ஜோடியா இருந்தாலும் அது ஒரு ஜோடி தான். 1/3 டேபிள்ல என் காசு போனதுல பாதிக்கு மேல இந்த ஒரே மாதிரி கால்ல தான் போயிருக்கு, யாரும் என்னை ஏமாத்தல, அவங்க சொல்லிட்டு தான் அடிச்சாங்க.

கணக்கு கஷ்டம்னு நெனைக்காதீங்க. ஃப்ளாப்புக்கு அப்புறம் நம்மள ஜெயிக்க வைக்கற சீட்டு எத்தனைன்னு எண்ணுங்க, இன்னும் ஒரு சீட்டு தான் பாக்கப் போறோம்னா ரெண்டால பெருக்குங்க, ஆல்-இன் போயி ரெண்டு சீட்டும் பாக்கப் போறோம்னா நாலால. ஃப்ளஷ்ஷுக்கு (அஞ்சு சீட்டும் ஒரே பூ) ஒரு சீட்டு குறையுதுன்னா ஒம்பது சீட்டு, 36 வரும், உண்மை 35. போதும் நமக்கு. எதிராளி பாதி பாட் போட்டா நமக்கு 25 சதவீதம் வேணும், முழு பாட் போட்டா 33.

பிளஃப் பத்தி கேப்பீங்க, எல்லாரும் அத தான் மொதல்ல கேப்பாங்க. சினிமால பாக்கற மாதிரி ஒண்ணுமில்லாம மூணு தடவ காசு தள்றது இந்த டேபிள்ல தற்கொலை, ஏன்னா எதிர்ல இருக்கறவன் கீழ் ஜோடிய வெச்சுட்டு "பாக்கலாமே"ன்னு கால் பண்ணுவான், ஃபோல்டு பண்றதுக்கா, கைய விட்டுட்டு போறதுக்கா அவன் வெக்கேஷன் வந்தான்? நமக்கு நல்ல கை வந்தா அவனுக்கு எதிரா பெருசா போடுங்க, 40க்கு பதிலா 60 போட்டாலும் வருவான். காசு வர்ற வழி அது ஒண்ணு தான், போரடிக்கற வழி தான். பிளஃப் பண்ணியே ஆகணும்னா எதிர்ல ஒரே ஒருத்தர், அவரு ஃபோல்டு பண்ணத் தெரிஞ்சவர், நமக்கும் ஃப்ளஷ் ட்ரா மாதிரி ஏதாவது பின்னாடி இருக்கணும்.

மூஞ்சிய பாத்து கண்டுபிடிக்கறதெல்லாம் ரொம்ப நம்பாதீங்க. நான் ஓரளவுக்கு நம்பறது ஒண்ணே ஒண்ணு, திடீர்னு ஒருத்தன் கை நடுங்க சிப்ஸ் போட்டா அது பயம் இல்ல, பெரிய கை வந்த படபடப்பு.

கூட நண்பன் வந்தா

அங்க பெரும்பாலான ரூம்ல கை ஓடிட்டு இருக்கும்போது இங்கிலீஷ் தவிர வேற பாஷை பேசக்கூடாது. நானும் காலேஜ் ஃப்ரெண்டும் ஒரே டேபிள்ல ஒக்காந்து அவன் வாய தொறந்து "மச்சான், என்னடா வெச்சிருக்க"ன்னதும் டீலர் திட்டின திட்டு இருக்கே! அவன் சும்மா தான் கேட்டான், ஆனா மத்த ஏழு பேருக்கு அது எப்படி தெரியும். அதே மாதிரி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுத்து ஆடறதும் தப்பு. வேற வேற டேபிள்ல ஒக்காந்துடுங்க, சாப்பிடும்போது பேசிக்கலாம். புதுசா போறவங்களுக்கு இன்னொண்ணு, ரைஸ் பண்ணணும்னா வாயால "ரைஸ்"னு சொல்லிட்டு போடுங்க. ஒரே ஒரு பெரிய சிப்ப ஒண்ணும் சொல்லாம போட்டா அது கால் தான், ரெண்டு தவணையா தள்ளினா செல்லாது.

விட்டதப் பிடிக்கற வியாதி

தாத்தாகிட்ட தோத்த அன்னிக்கு அப்புறம் என்ன பண்ணேன் தெரியுமா, அடுத்த 300 எடுத்து வெச்சு அடுத்த இருபது நிமிஷம் எல்லா கைலயும் ரைஸ். எதுக்கு? விட்டதப் பிடிக்க. தாத்தா மேல கோவம், அந்த டீலர் வந்ததுல இருந்தே எனக்கு சீட்டு வரலன்னு அவர் மேல கோவம், ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்ன கதை தான். மூணாவது பெக்குல ஒக்காந்திருந்த ஒரு ஆளு ரெண்டு ஜோடி வெச்சு மிச்சத்தையும் வாங்கிட்டு போயிட்டான். இத அங்க டில்ட்டுனு சொல்றாங்க. என் அனுபவத்துல டில்ட்ல இருக்கறவனுக்கு தான் டில்ட்ல இருக்கறது தெரியாது, அதனால மனச கட்டுப்படுத்தணும்னு நெனைக்கறதே வேஸ்ட், ரூல் வெச்சுக்கணும்.

என் ரூல் இது: 100 டாலருக்கு மேல ஒரே கைல போனா, சரியா ஆடினேனோ தப்பா ஆடினேனோ, சிப்ஸ டேபிள்லயே வெச்சுட்டு எந்திரிச்சு ஒரு ரவுண்ட் வெளிய. ரெண்டு பிளைண்டும் மிஸ் ஆகும், திரும்பி வந்து கட்டினா நாலு டாலர். நாலு டாலருக்கு இதைவிட நல்ல மருந்து அந்த ஊர்ல கெடைக்காது. அந்த நேரத்துல ஃபோன்ல அந்த கைய மட்டும் எழுதுவேன், என்ன வெச்சிருந்தேன், எவ்ளோ போட்டேன், கால் பண்ணும்போது என்ன நெனச்சேன். ஜெயிச்சதா தோத்ததான்னு எழுத மாட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு படிச்சா "நெனச்சேன்"ங்கற வரில பாதி "எப்படி போடறது"ன்னு இருக்கும், சிரிப்பு வரும்.

எப்ப எந்திரிக்கறதுன்னும் முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, காசு கணக்குல இல்ல, மணி கணக்குல. ஜெயிச்சுட்டு இருந்தா "இன்னும் கொஞ்சம்", தோத்துட்டு இருந்தா "சரி பண்ணிட்டு", ரெண்டுக்கும் முடிவே கெடையாது. எனக்கு இதுல ஐ-15 ஹைவே தான் ஒதவி. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல வேகாஸ விட்டு கிளம்பினா கலிஃபோர்னியா பார்டர் கிட்ட வண்டி நகராது, நாலு மணி நேரம் ஆறு ஏழு ஆகும், திங்கக்கிழமை காலைல ஸ்டாண்ட்-அப் மீட்டிங் வேற. அதனால சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அலாரம், அந்த கை முடிஞ்சதும் சிப்ஸ ட்ரேல அடுக்கி கேஜ்ல, அதாவது கேசினோ காசு கவுண்டர்ல, மாத்திடுவேன், ஞாயிறு காலைல எட்டு மணிக்கு வழில இருக்கற பேக்கர்ங்கற ஊர்ல காபி.

போன தடவ அலாரம் அடிச்சப்ப என்கிட்ட ராஜா ஜோடி இருந்துச்சு. 15 போட்டேன், எல்லாரும் ஃபோல்டு, 4 டாலர் பிளைண்ட் கெடைச்சுது. டீலருக்கு ஒரு டாலர் குடுத்துட்டு எந்திரிச்சேன்.