வயலினில் மாயாமாளவகௌளை: சுத்த ரிஷபத்தைப் பிடிப்பது எப்படி?

சிங்கப்பூர் தோ பாயோ வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, மூன்று வாரம் மாயாமாளவகௌளை ராகத்தின் ச-ரி-க-ம மட்டும் வாசித்தேன். ரிஷபம் (ரி) சுருதிக்கு மேலே ஏறியே பேசியது. சரியான பிறகு எழுதி வைக்கிறேன்.

ச-ப-ச-ப சுருதி சேர்க்கவும், வயலினின் தலைப்பக்கச் சுருளை வலது கணுக்காலில் ஊன்றி உட்காரவும் தெரிந்திருக்கும். தடித்த தந்தியிலிருந்து எண்ணினால் மூன்றாவது மத்திய சட்ஜம் (ச), நான்காவது பஞ்சமம் (ப). இந்த இரண்டே போதும்.

மூன்றாவது தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் ச. அடுத்து ஆள்காட்டி விரல் ரி, நடுவிரல் க, மோதிர விரல் ம.

சிக்கல் ரி-யில்தான். ஆள்காட்டி விரல் தானாக விழும் இடம் சதுச்ருதி ரிஷபம், அதாவது உயர்ந்த ரி. நமக்கு வேண்டியது சுத்த ரிஷபம், தாழ்ந்த ரி. அது இன்னும் கீழே, சுருள் பக்கம். நான் மணிக்கட்டையே பின்னுக்கு இழுத்தேன்; ரி சரியானது, காந்தாரம் (க) இறங்கிவிட்டது. கட்டைவிரல் அசையக் கூடாது. ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கிப் பின்னால் சாயுங்கள். முழு அளவு வயலினில், தந்தி தொடங்கும் மேட்டிலிருந்து ரி சுமார் 2 செ.மீ., க 6.5, ம 8. ரி-க இடையே விரல்கள் நன்றாக விரியும். க-ம ஒட்டி நிற்கும்.

நான்காவது தந்தியில் ப-த-நி-ச வாசிக்க விரல்கள் அதே இடங்களில்தான் விழும். புரந்தரதாசர் தொடக்கப் பாடத்துக்கு இந்த ராகத்தை வைத்தார் என்பது மரபு. வயலினில் அதன் அருமை கைக்கே தெரிகிறது. மேல் ச-வைத் திறந்த மூன்றாவது தந்தியோடு சேர்த்து இழுத்துப் பாருங்கள். அலையாமல் ஒன்றிப்போனால் சரி.

ஒரு ஸ்வரத்துக்கு ஒரு முழு வில், நான்கு எண்ணிக்கை. முள் காட்டும் டியூனர் செயலி வேண்டாம். கண் பழகுகிறது, காது பழகுவதில்லை. தம்புரா செயலியே என் தேர்வு. அடுக்குமாடி வீடு என்பதால், இரவு பத்துக்கு மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் ரப்பர் மியூட் மாட்டிவிடுவேன்.

பின்சேர்க்கை: பிள்ளையின் சின்ன வயலினுக்கு 2 செ.மீ. பொருந்தவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். மேட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அளந்துகொள்ளுங்கள். அதில் 16-இல் ஒரு பங்கு ரி, 5-இல் ஒரு பங்கு க, 4-இல் ஒரு பங்கு ம. எந்த அளவு வயலினுக்கும் இதுவே கணக்கு.

தந்தியை முறுக்கும் பிருடை நழுவுகிறது என்றவருக்கு: ஏர்கான் அறையில் மரம் சுருங்கும், கூடத்தின் ஈரக் காற்றில் உப்பி இறுகும். வயலினை ஒரே அறையில் வையுங்கள்.